நூற்றவர் கூலி

அரிசி வாங்கச் சென்றால் அது எவ்வூர் அரிசி, பழையதா புதியதா என்று கேட்டறிந்தே வாங்குகிறோம். காய்கறியாயின் நகத்தால் கீறியும் பார்க்கிறோம். துணி வாங்கும்பொழுது மட்டும் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், வீடு திரும்பி விடுகிறோம். அதனை நூற்றவர் யார், நெய்தவர் யார், சாயமிட்ட நீர் எவ்வாற்றில் கலந்தது, தைத்த கைக்குக் கிடைத்த கூலி யாது என்னும் வினாக்கள் நம் நெஞ்சில் எழுவதே இல்லை. இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனி மாணவர்க்கெனச் சங்கம் நடத்திய ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுகளுள் ஒன்று அடியேன் பொறுப்பில் வந்தது. ‘ஆடையும் அறமும்’ என்னும் பொருள் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்ததும், பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து நின்று, “ஐயா, எங்கள் கையில் இருப்பது முந்நூறு ரூபாய். அதற்குக் கிடைக்கும் சட்டையைத்தானே நாங்கள் வாங்க முடியும்? மலிவான சட்டையை வாங்குவது குற்றமா?” என்று வினவினார். அவையில் நகைப்பு எழுந்தது. யான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று கேட்டபொழுது அவ்வினாவையே எடுத்துக்கொண்டேன். ஏனெனில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே வினாவை நம் தமிழ் மக்கள் மற்றொருவரிடம் கேட்டனர். கேட்டது ஒரு புகைவண்டிப் பெட்டியில், கேட்கப்பட்டவர் காந்தியடிகள்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம். அடிகளுடன் சுற்றுப்பயணம் புரிந்துவந்த மௌலானா முகமது அலி வால்டேர் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அடிகள் தனியே தெற்கு நோக்கி வந்தார். சென்னையினின்றும் மதுரைக்கு வரும் வழியில் பெட்டியில் உடன் இருந்தோரைப் பார்க்கின்றார். அனைவரும் அயல்நாட்டுத் துணியே உடுத்தியிருந்தனர். கதர் உடுத்தலாகாதா என்று அவர்களிடம் வேண்டினார். அவர்கள் தந்த விடை, நாங்கள் ஏழைகள், கதரின் விலையோ மிகுதி, யாங்ஙனம் வாங்குவோம் என்பதேயாம். நம் காலனி இளைஞர் கேட்டதற்கும் இதற்கும் சொல்லில் வேறுபாடு உண்டேயன்றிப் பொருளில் வேறுபாடு இல்லை.

அவ்விடையில் உண்மை உண்டென்று அடிகள் உணர்ந்தார். தாமோ குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்திருக்கின்றார். அத்துணைத் துணியையும் கதரில் வாங்குக என ஏழைக்கு அறிவுறுத்துவது எவ்வாறு பொருந்தும்? மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில் செப்டம்பர் 22-ஆம் நாள் காலை, இடையில் முழங்காலளவு துண்டு ஒன்றை உடுத்தி, தேவையாயின் தோளில் ஒரு துண்டு என்னும் கோலத்துடன் வெளிப்போந்தார். முதலில் அவ்வாண்டு அக்டோபர் இறுதி வரை என்றே வரையறை செய்திருந்தார். அவ்வரையறை கடந்து அவர் வாழ்நாள் முழுதும் அக்கோலமே நிலைத்தது. இராஜாஜி உள்ளிட்ட நண்பர்கள் சிலர் இம்மாற்றத்தை விரும்பவில்லை. மதுரையில் அடிகள் அவ்வுடையில் மக்கள் முன் முதலில் தோன்றிய இடம் காந்திப் பொட்டல் எனப் பெயர் பெற்றது. மதுரைக்குச் செல்லும் நம்மவர் மீனாட்சியம்மன் கோயிலைக் கண்டு, ஜிகர்தண்டா அருந்தி, அப்படியே திரும்பி விடுகின்றனர். கோயிலினின்றும் சிறிது தொலைவு நடந்தால் மேலமாசி வீதியில் அவ்வீட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆகவே, ஏழையின் வினாவுக்கு அடிகள் தந்த முதல் விடை, துணியின் தேவையைத் தாம் குறைத்துக்கொள்வது.

இவ்விடத்தே ஒன்று கூறாது செல்லின் வரலாறு ஒருதலையாகிவிடும். குறைத்து உடுத்துதல் என்பது உடை உள்ளவர்க்கு அறம். உடுக்கவே கூடாதென்று தடுக்கப்பட்டவர்க்கு அஃது என்னாகும்? அதே தென்னாட்டில், திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினர், அடியுண்டனர், ஆடை கிழிக்கப்பட்டனர். 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அரச அறிக்கை வந்த பின்னரே அவ்வுரிமை கிட்டியது. அப்பொழுதும் மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற தளை நீங்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் மேனாட்டு உடையை மிடுக்கோடு அணிந்து அவைகளில் நின்றதன் பொருளை இவ்வரலாறு அறிந்தவரே உணர்வர். காந்தியடிகள் ஆடையைத் துறந்ததும் அம்பேத்கர் ஆடையை மேற்கொண்டதும் முரண்போல் தோன்றும். அடியேனுக்கு அவ்வாறு தோன்றவில்லை. இருவரும் ஆடை மனிதனின் மதிப்பைப் பேசும் என்று அறிந்தவர். இருவரும் வெவ்வேறு படியில் நின்று பேசினர்.

பெரியாரையும் ஈண்டு நினைத்தல் தகும். ஈரோட்டுச் செல்வக் குடியிற் பிறந்த அவர் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1925-ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் காங்கிரசினின்றும் வெளியேறினார். கதர் மட்டும் உடுத்தினால் போதுமோ, உடுத்துவோரிடையே சமநீதி வேண்டாவோ என்னும் கேள்வி அன்று முதல் தமிழகத்தில் ஓயவில்லை.

அதே 1925-ஆம் ஆண்டில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் நிறுவினார். மழை பொய்த்து வறண்ட அச்சிற்றூர்களில் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கும் பணி தொடங்கிற்று. சங்கப் பாடல்கள் காட்டும் நூற்கும் மகளிர் போலவே ஈண்டும் பலர் கைம்பெண்டிர். செப்டம்பரில் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது. இதன் பெயரைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மராட்டிய நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்த அடிகள் உடல் நலிந்து வீழ்ந்தார். மருத்துவர் ஓய்வு வேண்டுமென்றனர். ஏப்ரலில் நந்தி மலைக்கு வந்தார். ஜூனில் மலையினின்றும் இறங்கிப் பெங்களூர் குமார பார்க்கில் மைசூர் அரசின் விருந்தினராகத் தங்கினார். ஆகஸ்டு இறுதி வரை இவ்வூரே அவர் இருப்பிடம். ஓய்வு என்று பெயரே தவிர அவர் ஓய்ந்திருக்கவில்லை. இங்குள்ள பால் பண்ணை நிலையத்துக்குச் சென்று மாடு வளர்ப்புப் பயின்றார். ஜூலையில் கதர்க் கண்காட்சி நிகழ்ந்தது. மாணவர் அவைகளிலும் பேசினார்.

அவற்றுள் ஒன்று, ஜூலை 12-ஆம் நாள் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்ந்த பேச்சு. நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பேச்சு அது. நம் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிக் கூடம் அது. டாடாவின் கொடையாலும் மைசூர் அரசு தந்த நிலத்தாலும் உருவானது. மின்பொறிகளும் ஆய்வுக் கருவிகளும் நிறைந்த அக்கூடங்களைச் சுற்றிக் காட்டிய பின்னர் மாணவர்கள் பணமுடிப்பும் அளித்தனர். வந்தவரோ அரையில் துண்டுடுத்த ஒருவர்.

அவர் பாராட்டுரை வழங்கிச் சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. என்னைப் போன்ற நாட்டுப்புறத்தானுக்கு இவ்விடத்தில் என்ன வேலை என்று நகைச்சுவையோடு தொடங்கி, நேரே கணக்குக்கு வந்துவிட்டார். இக்கட்டடங்களும் கருவிகளும் எவர் உழைப்பால் வந்தன? டாடா தந்த இலட்சங்கள் வானத்தினின்றும் வீழ்ந்தனவல்ல. மைசூர் அரசின் பணமும் அவ்வாறே. விருப்பமின்றியும் கட்டாயத்தாலும் உழைத்த கோடிக்கணக்கான ஏழை மக்களின் வியர்வையே இவையனைத்தும் என்றார். அம்மக்களைக் கேளாமலே அவர்கள் பணம் செலவிடப்படுகின்றது; ஆகவே அவர்கட்குப் பயன்படாத ஆராய்ச்சி வீண் என்றார். பணமுடிப்புத் தந்தாயிற்று, நம் கடமை தீர்ந்தது, இனி டென்னிசும் பில்லியர்ட்சும் ஆடுவோம் என்று அமைதி கொள்ளற்க, ஆடும்பொழுதும் உங்கள் மேல் நாள்தோறும் ஏறிவரும் கடனை எண்ணுங்கள் என்னும் கருத்துப்பட உரைத்து முடித்தார். விருந்தினராக வந்தவர் விருந்தளித்தோரிடம் கடன் கணக்கு நீட்டிய காட்சி இது.

இப்பேச்சில் கதரினும் பெரிதாக நின்றது கடன் என்னும் எண்ணமே. கதர் அக்கடனைத் திருப்பும் வழிகளுள் ஒன்று, அவ்வளவே. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் தொடங்கிய தமிழ்நாட்டுப் பயணத்திலும் இவ்வாறே பேசினார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரி மாணவரிடம், இளங்கைம்பெண்களையே மணப்போம் என்று உறுதி பூணுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கதர் நிதி திரட்ட வந்தவர் கைம்பெண் மணம் பற்றி ஏன் பேச வேண்டும் என்று ஐயுற்றோர் அன்றும் இருந்திருப்பர். உடையை மட்டும் தனியே பிரித்து அறம் பேசுதல் அவர்க்கு இயலவில்லை.

நவம்பரில் இலங்கை சென்றார். யாழ்ப்பாணத்தில் அவரை வரவழைத்தோர் பெருஞ்செல்வரல்லர். 1924-ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞரும் ஆசிரியரும் ஆவர். ஹண்டி பேரின்பநாயகம் அவர்களுள் முன்னின்றவர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அடிகள் பேசினார்; கதர் நிதிக்குப் பணமும் திரண்டது. அவ்வியக்கத்தார் சாதி வேற்றுமையை எதிர்த்தனர்; நாட்டுடையைப் போற்றினர். மாணவர் கேட்டுக் கலைவதோடு நின்றுவிடவில்லை என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று.

அடிகளின் கொள்கையை மறுத்த பெரியோரும் இருந்தனர். கவி தாகூர் இராட்டையைப் பற்றி வெளிப்படையாகவே மாறுபட்டு எழுதினார். எல்லோரும் ஒரே செயலைச் செய்ய வேண்டுமென்பது மனத்தை மழுக்கும் என்பது அவர் கருத்து. கதரால் நாட்டு மக்கள் அனைவர்க்கும் துணி தர இயலுமா என்ற வினாவுக்கும் இன்று நாம் இல்லையென்றே விடை கூற வேண்டும். ஆயினும் கதர் வரலாற்றில் ஒரு பகுதி பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. அடியேன் மிக மதிப்பது அப்பகுதியையே.

கதர் இயக்கம் தொடங்கிப் பத்தாண்டு கழிந்த பின்னர் நூற்போர் நிலை யாது? நாள் முழுதும் நூற்ற ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஓரணா அளவே. கதரின் விலையைக் குறைத்தாலன்றி விற்பனை பெருகாது. விலையைக் குறைக்க வேண்டுமாயின் கூலி உயரலாகாது. இஃது அன்றைய வணிகக் கணக்கு. இன்றைய வணிகக் கணக்கும் இதுவே. 1935-ஆம் ஆண்டில் அடிகள் இக்கணக்கைக் கையிலெடுத்துத் தம் சங்கத்தையே குற்றம் சாட்டினார். எட்டு மணி நேரம் நூற்பவர்க்கு எட்டணாவேனும் வேண்டும் என்பது அவர் வேட்கை. இணங்காதோர் பலர். கதர் விலையேறும், வாங்குவோர் குறைவர், இயக்கமே நசியும் என்று அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய சர்க்கா சங்கத்தின் குழு, நூற்பவர் எட்டு மணி நேர உழைப்பால் போதிய உணவும் உடையும் பெறும் அளவு கூலி தரப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. எட்டணா கைகூடவில்லை, நடைமுறையில் கிட்டியது அதனினும் மிகக் குறைவே. எனினும், மலிவு என்னும் தெய்வத்தின் முன் உழைப்பவரைப் பலியிடலாகாது என்று ஒரு வணிக அமைப்பு தன் இழப்பை அறிந்தே முடிவு செய்தமை எளிய செயலன்று.

ஆக, 1921-இல் ஏழை வாங்குவோரின் பக்கம் நின்ற அடிகள், 1935-இல் ஏழை நூற்போரின் பக்கம் நின்றார். இரு பக்கத்திலும் ஏழையே நிற்கும்பொழுது நடுவில் இருப்பவர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டி, 1978-ஆம் ஆண்டளவில் கியோனிக்ஸ் நிறுவனத்தாரால், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் அமைந்தது. நாம் நாள்தோறும் வைதுகொண்டே கடக்கும் சில்க் போர்டு சந்திப்போ, 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தோன்றிய மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகத்தால் பெயர் பெற்றது. துணியின் பெயர் வாகன நெரிசலுக்கு வழங்குவது காலத்தின் கோலம்! அச்சந்திப்புக்கும் நம் காலனிக்கும் இடையே பொம்மனஹள்ளியிலும், நமக்கு அப்பால் பொம்மசந்திராவிலும் ஆயத்த ஆடை ஆலைகள் பல உள. 2010-இல் திறந்த மேம்பாலத்தில் நம் பேருந்துகள் விரைகின்றன. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ மஞ்சள் தடமும் ஓடுகின்றது. கீழேயுள்ள சாலையில் காலை எட்டு மணிக்கு முன்னர் ஆலை நோக்கி நடக்கும் பெண்டிரை மேலிருந்து காண்பதரிது.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 18, 19 நாள்களில் அவர்களை இந்நகரம் முழுதும் கண்டது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்கலாகாது என்று மத்திய அரசு விதி வகுத்திருந்தது. பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் அத்தொகையையே நம்பியிருந்த ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர், தலைவர் எவருமின்றி ஆலைகளினின்றும் வெளிப்போந்து ஓசூர்ச் சாலையை மறித்தனர். தடியடி நிகழ்ந்தது, சில இடங்களில் வாகனங்கள் எரிந்தன, வன்முறையை யாம் போற்றவில்லை. இரண்டாம் நாளே அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. அன்று அலுவலகம் செல்ல இயலாது வீட்டிலிருந்து சலித்துக்கொண்டோருள் அடியேனும் ஒருவன். அவர்கள் ஏன் சாலைக்கு வந்தனர் என்பதை மறுநாள் செய்தித்தாளில்தான் படித்தேன்.

பின்னர் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆடைத் தொழிலாளர்க்கு உயர வேண்டிய பஞ்சப்படி, மாதம் 417 ரூபாய் அளவில், கர்நாடகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் வழக்காடின, நிலுவை பெரும்பாலோர் கைக்கு வர 2022 ஆயிற்று. ஓரணா, எட்டணா என்று 1935-இல் நிகழ்ந்த வாதமே உரு மாறி ஈண்டு நிகழ்ந்ததென்க.

உலக அரங்கிலும் இதே கணக்கு ஒரு நாள் வெடித்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் கட்டடம் சரிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். அதன் பின்னரே என் ஆடையைத் தைத்தவர் யார் என்று கேட்கும் இயக்கம் பல நாடுகளில் மாணவரிடையே பரவியது. நம் பக்கத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. நொய்யலாற்றைக் கெடுத்த காரணத்தால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நொய்யலின் கரையில் நிலமிருந்து, கிணற்று நீர் நிறம் மாறியதால் வேளாண்மையைக் கைவிட்ட குடும்பத்தினர் நம் சங்கத்திலேயே உளர்.

மைசூர்ப் பகுதியில் நஞ்சன்கூட்டை அடுத்த பதனவாளு என்னும் ஊரில், காந்தியடிகளின் காலத்தில் தொடங்கிய நூற்பு மையம் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட குலப் பெண்டிர்க்கு அது வாழ்வளித்தது. அவ்வூரிலேயே 1993-ஆம் ஆண்டு சாதிப் பகையால் தலித் மக்கள் மூவர் கொல்லப்பட்டனர். கதர் நூற்ற ஊரிலும் பகை நின்றது. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. 2015-ஆம் ஆண்டில் நாடகாசிரியர் பிரசன்னா அவ்வூரையே தேர்ந்து, இளைஞரை அழைத்து, எளிய வாழ்வையும் கைத்தொழிலையும் பற்றிய சத்தியாக்கிரகம் நடத்தினார். மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பெண்டிரைக் கொண்டு இயற்கைச் சாயத்தில் கைத்தறி நெய்யும் ‘சரகா’ கூட்டுறவை வளர்த்தவர் அவர்.

இத்துணையும் எழுதிய பின்னரும் அவ்விளைஞரின் வினாவுக்கு முழு விடை தந்துவிட்டேன் என்று கூறத் துணியேன். ஆனால் அன்று கூட்டம் கலைந்த பின்னர் நிகழ்ந்த ஒன்றைக் குறிக்க வேண்டும். நாற்காலிகளை அடுக்குவதற்கு நம் குடியிருப்புக் காவலரின் துணைவியார் வந்திருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தவர், தையல் ஆலையில் பதினோராண்டு வேலை செய்பவர். வினாவைக் கேட்ட இளைஞரின் சட்டைக் கழுத்தைச் சற்றே மடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தக் காலர் ஒண்ணுக்கே நாலஞ்சு பேர் கை பட்டிருக்கும். ஒருத்தி ஒட்டுவா, ஒருத்தி ஓரம் தைப்பா, ஒருத்தி திருப்பிப் போடுவா. மணிக்கு இத்தனைன்னு எழுதி வச்சிருப்பாங்க. குறைஞ்சா சூப்பர்வைசர் வந்து பக்கத்துல நிப்பார்” என்றார். அவ்விளைஞர், “அக்கா, உங்களுக்கு ஒரு சட்டைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். “முழுச் சட்டைய நான் எங்க தச்சேன், கணக்குச் சொல்ல?” என்று நகைத்துவிட்டு அவர் நாற்காலிகளை எடுத்துச் சென்றார்.

வரும் தைத் திங்களில் நடைபெறவுள்ள மாணவர் சொற்பொழிவுக்கு அவ்வம்மையாரையே அழைத்திருக்கின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லையெனில் வருவதாகக் கூறியுள்ளார்.